நூற்று அறுபது ஏக்கருக்காக

நெப்ராஸ்கா மாநிலத்தின் தென்கிழக்கில் பியாட்ரிஸ் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மேற்கே நாலு மைல் தள்ளி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. மலையில்லை, அருவியில்லை, சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத இடம். ஆனால் அமெரிக்காவின் மேற்குப் பாதி எப்படிக் குடியேறிகளால் நிரம்பியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கட்டடத்தின் கூரை கலப்பைக் கொழுவைப் போல நிமிர்ந்து நிற்கிறது. நடைபாதையை ஒட்டி நீளமாக ஒரு சுவர். 30 மாநிலங்களின் வடிவத்தை உலோகத் தகட்டில் வெட்டி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டிலும் சதுரமாக ஒரு துளை. அந்த மாநிலத்து நிலத்தில் எவ்வளவு பங்கு 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனியார் கைக்குப் போனதோ, அந்த அளவுக்குத் துளை. சில மாநிலங்களில் மிகச் சிறியது. நெப்ராஸ்காவில் 45 சதவீதம். தகட்டில் கிட்டத்தட்டப் பாதியைக் காணோம்.

ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் படிக்க எளிமையானது. மனுதாரர் குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. குடிமகனாகவோ, குடியுரிமை பெற எண்ணம் தெரிவித்து எழுதிக் கொடுத்தவராகவோ இருந்தால் 160 ஏக்கரை அடையாளம் காட்டி மனுப் போடலாம். அந்த நிலத்தில் வீடு கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து, பயிர் செய்து, பக்கத்து நிலத்துக்காரர் இருவரைச் சாட்சிக்கு அழைத்து வந்தால் பட்டா கிடைத்துவிடும். எல்லாக் கட்டணமும் சேர்த்து 18 டாலர். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே மனுப் போடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் பின்னாளில் மனுப் போட்டார்கள். சீனாவிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை பெறவே வழியில்லாததால் இந்தக் கதவும் அடைபட்டிருந்தது. அலாஸ்காவில் 1986 வரை நீடித்த இந்தச் சட்டத்தால் 16 லட்சம் பட்டாக்கள் வழங்கப்பட்டன; மொத்தம் 27 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

முதல் மனுக்களில் ஒன்றைப் போட்டவர் டேனியல் ஃப்ரீமன். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார் என்று சொல்கிறார்கள். இன்றைய பூங்கா அவருடைய நிலம்தான். அவரும் மனைவி ஆக்னஸும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து பெயர்த்து வந்து வைத்திருக்கும் மரவீடு ஒன்றும் உண்டு. 1867-இல் கட்டியது, 14 அடிக்கு 16 அடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு இரும்பு அடுப்பு போட்டால் நடக்க இடமில்லை. இந்த அறையில் கணவனும் மனைவியும் பத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். மரக்கட்டைகளின் இடுக்குகளில் பூசிய சுண்ணச் சாந்தைத் தொட்டுப் பார்த்தேன். வாசலைத் திறந்தால் அடிவானம் வரை மறைப்பே இல்லாத வெளி. குளிர்காலத்தில் அந்தக் கதவைத் தாண்டி வெளியே போக முடியாத வாரங்கள் எத்தனை இருந்திருக்கும், அந்தத் தாய் அவற்றை எப்படிக் கடத்தினாள் என்பதைத்தான் வெகுநேரம் யோசித்தேன்.

இந்தச் சட்டம் 1862-இல் வந்ததற்கும் அதற்கு முன்னால் வராததற்கும் காரணம் உண்டு. அரசு நிலத்தை விவசாயிக்கு இலவசமாகக் கொடு என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுந்துகொண்டிருந்தது. தென்மாநிலங்களின் அடிமைப் பண்ணை முதலாளிகள் அதை விடவில்லை. மேற்கே சொந்த நிலத்தில் உழும் சிறுவிவசாயிகள் பெருகினால், அங்கே உருவாகும் புதிய மாநிலங்கள் அடிமை முறைக்கு எதிராக வாக்களிக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1860-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி புக்கானன் தள்ளுபடி செய்தார். அடுத்த வருஷம் தென்மாநிலங்கள் பிரிந்து போருக்குப் போயின. அவர்களுடைய உறுப்பினர்கள் அவையில் இல்லை. தடுக்க ஆளில்லாமல் சட்டம் நிறைவேறியது. அதே கோடையில் பசிபிக் ரயில்வே சட்டமும் வந்தது. தனியொரு மனிதன் துணிச்சலை மட்டும் நம்பி மேற்கே போனான் என்று சினிமாக்கள் பழக்கிய கதையை எனக்கு ஏற்க முடியவில்லை. நிலத்தை அளந்து கட்டம் போட்டது அரசு. படையை அனுப்பியது அரசு. ரயில் கம்பெனிக்குத் தண்டவாளத்தின் இருபுறமும் நிலம் எழுதிக் கொடுத்ததும் அரசு. குடியேறியின் உழைப்பு உண்மையானது; ஆனால் அவன் நடந்த பாதையை வாஷிங்டன் போட்டது.

ஃப்ரீமனின் நிலம் அதற்கு முன்னால் யாருடையது? ஓட்டோ-மிசூரியா மக்களுடையது. 1854-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் நெப்ராஸ்காவின் இந்தப் பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டு ஒதுக்கீட்டு நிலத்துக்குள் அவர்கள் ஒடுங்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை, 1881-இல் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் இனம் நிலத்தைக் கைவிட்டதற்கும், பக்கத்திலேயே ஒருவர் 18 டாலருக்குப் பட்டா வாங்கத் தொடங்கியதற்கும் இடையே ஒன்பது வருஷ இடைவெளிகூட இல்லை. பூங்காவின் காட்சிக்கூடம் இதை மறைக்காமல் சொல்கிறது.

பூங்காவின் புல்வெளி வழியே நடந்துவிட்டுக் கிளம்பினேன். 1939 முதல் மறுபடி வளர்த்தெடுத்த புல் அது, சுமார் நூறு ஏக்கர். வட அமெரிக்காவின் நெடும்புல் சமவெளியில் நாலு சதவீதம்கூட இன்று மிஞ்சவில்லை. வேர்கள் பல அடி ஆழம் இறங்கிப் பின்னிக் கிடக்கும் மண். பழைய இரும்புக் கலப்பையில் மண் ஒட்டிக்கொண்டு நகராது. ஜான் டியர் என்ற கொல்லர் 1837-இல் எஃகுக் கொழுவைச் செய்த பிறகுதான் உழவர்களால் இந்த மண்ணைப் புரட்ட முடிந்தது.

லிங்கன் நகரம் தாண்டி நெடுஞ்சாலை எண் 80-இல் மேற்கே போகப் போகப் பிளாட் ஆறு கூடவே வரத் தொடங்குகிறது. ஆழமில்லாத, பல கிளையாகப் பிரிந்து மணல்திட்டுகளைச் சுற்றி ஓடும் ஆறு. படகு விட லாயக்கில்லை. ஆனால் கரையோரம் சமதளம், மாட்டுக்குப் புல், மனிதனுக்குத் தண்ணீர். மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கு இருபது வருஷம் முன்பே இந்தக் கரை வழியாக மேற்கே ஆரிகன் பகுதிக்குப் போகும் வண்டிப்பாதை, ஆரிகன் பாதை, புழங்கத் தொடங்கிவிட்டது. 1843-இல் சுமார் ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் கிளம்பினார்கள். 1869-இல் ரயில் வரும் வரை ஆரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் யூட்டாவுக்குமாக மூன்று முதல் நான்கு லட்சம் பேர் போனதாகக் கணக்கிடுகிறார்கள்.

ஊரையும் உறவையும் விட்டு இரண்டாயிரம் மைல் ஏன் போக வேண்டும்? 1837-இல் வங்கிகள் முடங்கின. தானிய விலை பாதாளத்துக்குப் போனது, கடனில் வாங்கிய நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. மிசிசிப்பி, மிசூரி பள்ளத்தாக்குகளில் ஆண்டுதோறும் குளிர்காய்ச்சல். அப்பன் நிலத்தை நாலு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தால் யாருக்கும் போதாது. ஆரிகனில் மண் கறுப்பு, காய்ச்சல் இல்லை, உறைபனி குறைவு என்று கடிதங்கள் வந்தன. பத்திரிகைகள் அவற்றை அச்சடித்தன. 1844-இல் தங்கள் தலைவர் ஜோசஃப் ஸ்மித்தைக் கும்பல் ஒன்று கொன்றபின் மார்மன் சமயத்தார் தங்க இடம் தேடி, 1847-இல் பிரிகம் யங் தலைமையில் உப்பு ஏரிக் கரைக்குப் போனார்கள். 1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டெடுத்த செய்தி பரவியது. கண்டம் முழுவதும் தமக்கே என்று விதி எழுதியிருக்கிறது என்று 1845-இல் எழுதிய பத்திரிகையாசிரியர் ஜான் ஓ'சல்லிவன் இந்த ஆசைகளுக்குத் தெய்வ அனுமதி வாங்கிக் கொடுத்தார். கிளம்பியவர்கள் பரம ஏழைகளும் அல்ல. வண்டி, எருதுகள், ஆறு மாத உணவு என்று பல நூறு டாலர் கையில் வேண்டும். இருப்பதும் போய்விடுமோ என்று பயந்த நடுத்தர விவசாயிதான் பண்ணையை விற்றுவிட்டு வண்டி கட்டினான்.

கியர்னியைத் தாண்டிக் கொசாட் என்ற ஊரில் சாலையோரம் ஒரு பலகை நிற்கிறது: நூறாவது தீர்க்கரேகை இங்கே கடக்கிறது. காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த இடத்தைச் சுற்றித்தான் அமெரிக்க விவசாயத்தின் தலையெழுத்து மாறுகிறது. இதற்குக் கிழக்கே மானாவாரிப் பயிர் பிழைக்கும். மேற்கே வருஷ மழை இருபது அங்குலத்துக்கும் கீழே. 160 ஏக்கர் என்ற அளவு மழையுள்ள கிழக்கு மாநிலங்களை மனத்தில் வைத்து முடிவானது. கொலராடோ ஆற்றின் வழியே படகில் பயணித்த ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இதைப் பளிச்சென்று சொன்னார்: வறண்ட நிலத்தில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும், நிலத்தைக் கட்டம் கட்டமாக அல்ல, தண்ணீரைப் பார்த்துப் பிரியுங்கள். யாரும் காது கொடுக்கவில்லை. நிலத்தை உழுதால் மழை பின்னாலேயே வரும் என்ற ஒரு கொள்கையை நெப்ராஸ்காப் பேராசிரியர் சாமுவேல் ஆகே போன்றவர்கள் பரப்பினார்கள். நிலம் விற்க வேண்டிய ரயில் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல செய்தி எது? ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பொஹீமியாவிலும் அவரவர் மொழியில் துண்டறிக்கைகள் போயின.

வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு கட்ட மரம்கூட இல்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும், பாம்பு விழும். 1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரோடு குதிரைச் சேணத்தின் தோலையும் கடித்தது. 1888 ஜனவரி 12 அன்று பகலில் வெதுவெதுப்பாக இருந்த வானிலை சட்டென்று பனிப்புயலாக மாறி, பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலரைப் பலிகொண்டது. 1890-களில் மழை பொய்த்தது. மனுப் போட்டவர்களில் பெரும் பகுதியினர் ஐந்து வருஷம் தாக்குப்பிடிக்காமல் விட்டுப் போனார்கள். கஸ்டர் கவுண்டியில் சாலமன் பட்சர் எடுத்த புகைப்படங்களை மியூசியத்தில் பார்த்தேன். மண்வீட்டு வாசலில் குடும்பம் வரிசையாக நிற்கிறது. தம்மிடமுள்ள நல்ல பொருள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்: ஒரு தையல் மெஷின், ஒரு பறவைக் கூண்டு, கூரைமேல் நிற்கும் மாடு. ஊரிலிருக்கும் உறவினருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்ல விரும்பிய அந்த முகங்களை என்னால் எளிதில் மறக்க முடியாது.

பவல் பயந்தது 1930-களில் நடந்தது. உழுது பொடியாக்கிய மேல்மண் தெற்குச் சமவெளிகளிலிருந்து புழுதிமேகமாக எழுந்து கிழக்குக் கடற்கரை வரை போனது. இன்று பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம். ஆழ்குழாய் போட்டு, வட்டமாகச் சுற்றும் குழாய்களால் இறைக்கிறார்கள். சில பகுதிகளில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது.

பேயார்ட் ஊருக்கருகே சிம்னி ராக் தெரிகிறது. கூம்பின்மேல் நட்ட தூண் போன்ற பாறை, அடியிலிருந்து சுமார் 325 அடி. பயணிகளின் நாட்குறிப்புகளில் இதைப்போல் அடிக்கடி இடம்பெற்ற இடம் வேறில்லை என்கிறார்கள். எனக்கு அதைவிட ஸ்காட்ஸ் பிளஃப் பிடித்தது. 800 அடிச் செங்குத்தான குன்று. அதன் கணவாயில் பழைய வண்டிகளின் மாதிரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அருகே போய்ப் பார்த்தால் வியப்பு வருகிறது, இவ்வளவு சிறியதா என்று. தொட்டி நாலு அடி அகலம், பத்தடி நீளம் இருக்கும். வில்லில்லாத அச்சு. பின்னால் கீல் எண்ணெய் வாளி தொங்குகிறது. ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி என்று வழிகாட்டிப் புத்தகங்கள் கணக்குச் சொல்லின. இவற்றை ஏற்றியபின் உட்கார இடமேது? பெண்களும் பிள்ளைகளும் நடந்தார்கள், நாளொன்றுக்குப் பதினைந்து மைல். சமவெளியில் விறகில்லை, பெண்கள் மடியில் காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கிக்கொண்டே நடந்து, மாலையில் அடுப்பு மூட்டினார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள் என்று நாட்குறிப்புகள் சொல்கின்றன. நம் வீடுகளில் வரட்டி தட்டிய கைகளுக்கு அந்தப் பழக்கம் புரியும்.

ஸ்காட்ஸ்பிளஃப் ஊரின் கிழக்கே ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ரெபெக்கா விண்டர்ஸ் என்ற மார்மன் பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1852 ஆகஸ்டில் வாந்திபேதியில் இறந்தார். கூட வந்த ஒருவர் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வளைத்து நட்டு, அதில் உளியால் பெயரைப் பொறித்தார். மற்றக் கல்லறைகளெல்லாம் புல்லுக்குள் போய்விட்ட பிறகும் இந்தப் பட்டை நின்றது. பல வருஷம் கழித்து ரயில்பாதை அளந்தவர்கள் அதைக் கண்டு, கல்லறையைத் தொடாமல் தடத்தை விலக்கிப் போட்டார்கள். 1995-இல் பாதுகாப்புக்காகச் சற்றுத் தள்ளி மாற்றியிருக்கிறார்கள். பட்டையின் எழுத்துகள் துருவேறியும் தெளிவாக இருக்கின்றன. குடியேறிகளைக் கொன்றது பெரும்பாலும் அம்பல்ல, இந்த வாந்திபேதிதான். வங்காளத்தில் கிளம்பி உலகைச் சுற்றி வந்த கிருமி, பிளாட் ஆற்றங்கரையின் தேங்கிய குழிநீரில் குடியேறியது. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் பாதையின் ஆவணங்களைத் தேடித் தொகுத்தார். 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையில் இறந்த பயணிகள் 362 பேர்; பயணிகள் கையில் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். பயணிகளில் பலரும் பூர்வகுடிகளிடம் குதிரை வாங்கி, ஆறு கடக்க வழி கேட்டு, சால்மன் மீனுக்குச் சட்டை கொடுத்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் வாந்திபேதி வண்டிகளோடு நிற்கவில்லை. 1849-இல் போனி, செயென் ஆகிய பூர்வகுடி இனத்தாரின் முகாம்களில் அது செய்த அழிவை எந்தப் போரும் செய்யவில்லை.

அடுத்தது வயோமிங்கில் உள்ள ஃபோர்ட் லாரமி. 1834-இல் தோல் வியாபாரிகள் கட்டிய கோட்டை. 1849-இல் ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது. 1850-இல் மட்டும் சுமார் 50,000 பேர் இதைக் கடந்தார்கள். அத்தனை வண்டி மாடுகளும் ஆற்றோரப் புல்லை ஒட்ட மேய்ந்தன. காட்டெருமை விலகிப் போனது. அதை நம்பி வாழ்ந்த லக்கோட்டா, செயென் இனத்தாருக்குப் பட்டினி வந்தது. நிலத்தில் இன்னும் ஒருவரும் குடியேறியிருக்கவில்லை, கடந்து போவதே இத்தனை சேதம் செய்தது. 1851-இல் அரசு ஒப்பந்தம் பேச அழைத்தபோது சுமார் 10,000 பூர்வகுடிகள் கூடினார்கள். அவர்களுடைய குதிரைகளுக்குக் கோட்டையருகே புல் போதாமல் கூட்டத்தையே கிழக்கே ஹார்ஸ் கிரீக் ஓடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பாதையை விட்டுக்கொடுத்தால் ஐம்பது வருஷத்துக்கு ஆண்டுதோறும் 50,000 டாலர் பெறுமானப் பொருள் தருவோம் என்று கையெழுத்தாயிற்று. செனட் சபை அந்த ஐம்பதைப் பத்தாகக் குறைத்தது.

மூன்று வருஷத்தில் ஒரு மாட்டால் போர் தொடங்கியது. 1854 ஆகஸ்டில் குடியேறி ஒருவரின் பசு லக்கோட்டா முகாமுக்குள் புகுந்தது. அதை ஒருவர் அறுத்துவிட்டார். முகாமின் தலைவர் கான்கரிங் பேர் ஈடாகக் குதிரை தருகிறேன் என்றார். இளம் ராணுவ அதிகாரி கிராட்டன் அதை ஏற்காமல் பீரங்கியோடு போனார். தலைவர் சுடப்பட்டார், கிராட்டனும் உடன் வந்த வீரர்களும் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுவருஷம் ஜெனரல் ஹார்னி பழிவாங்க வந்து புளூ வாட்டர் ஓடையருகே 86 பேரைக் கொன்றார், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. அதன்பின் நின்று நின்று முப்பத்தைந்து வருஷம் போர். 1868-இல் இதே கோட்டையில் மற்றோர் ஒப்பந்தம், கறுப்பு மலைகள் லக்கோட்டாக்களுக்கே என்று. 1874-இல் அங்கே தங்கம் கிடைத்தது. 1877-இல் மலைகள் பறிபோயின. அது அநியாயம்தான் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டு பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. எங்களுக்குப் பணம் வேண்டாம், மலை வேண்டும் என்று சொல்லி இன்றுவரை அவர்கள் அதைத் தொடவில்லை. வட்டியோடு சேர்ந்து அது நூறு கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. அமெரிக்காவின் மிக வறிய மாவட்டங்களில் வாழும் மக்கள் எடுத்த முடிவு இது. கோட்டையின் வெள்ளையடித்த குடியிருப்புகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது என் மனத்தில் ஓடியதெல்லாம் அந்த மறுப்புதான்.

துப்பாக்கியால் முடியாததைச் சட்டம் முடித்தது. 1887-இல் வந்த டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று துண்டு போட்டது, அதே ஹோம்ஸ்டெட் அளவு. மீந்ததை உபரி என்று சொல்லி வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்தது. அப்போது அவர்களிடம் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934-இல் எஞ்சியது 4.8 கோடி.

கோட்டைக்கு மேற்கே கர்ன்ஸி ஊரில் ஆற்றை ஒட்டிய மணற்பாறை மேட்டில் வண்டித்தடம் இருக்கிறது. சதுப்பைத் தவிர்க்க எல்லா வண்டியும் ஒரே இடத்தில் பாறையேற வேண்டியிருந்ததால் சக்கரமும் குளம்பும் காலணியும் அரைத்து அரைத்து, சில இடங்களில் ஐந்தடி ஆழத்துக்குப் பாறை தேய்ந்திருக்கிறது. பள்ளத்துக்குள் இறங்கினால் சுவர் என் நெஞ்சுக்கு மேலே. சக்கரத்தின் குடம் உரசிய வரி பக்கச்சுவரில் நீளமாக ஓடுகிறது. விரலை வைத்தால் வழுவழுப்பு. நடுவில் எருதுகள் நடந்த மேடு, அதன் இருபுறமும் மனிதர் நடந்த ஒற்றையடி. கல்லில் இவ்வளவு ஆழம் விழ எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. இங்கே நிற்கிறபோது நடந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடனுக்குப் பயந்து, காய்ச்சலுக்குப் பயந்து, பிள்ளைக்கு நாலு ஏக்கர் விட்டுப்போக ஆசைப்பட்டு நடந்தவர்கள். அவர்களுக்கு அடுத்தவர் நிலத்தை எடுத்துக் கொடுத்த கைமேல்தான் கோபம்.

கேஸ்பர் நகரத்தைக் கடந்து, பயணிகள் பெயர் வெட்டிய இண்டிபெண்டன்ஸ் ராக்கை ஒருமுறை சுற்றிவிட்டு, நாள் முடிவதற்குள் சவுத் பாஸ் போய்ச் சேர்ந்தேன். ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் கணவாய். கணவாய் என்றதும் நாம் எதிர்பார்க்கிற இடுக்கு இல்லை. 7,400 அடி உயரத்தில் அகன்ற மேட்டுச் சமவெளி, எங்கும் சாம்பல்நிறச் செடிப் புதர், ஓயாத காற்று. இந்த மெல்லிய சரிவு இல்லாவிட்டால் வண்டிகள் மலையைத் தாண்டியிருக்கவே முடியாது. மண்சாலை முடியும் இடத்தில் வேலிக்குள் இரண்டு கற்கள். ஒன்று நார்சிஸா விட்மன், எலைஸா ஸ்பால்டிங் என்ற இரு பெண்களின் நினைவாக வைத்தது. 1836 ஜூலை 4 அன்று இந்தக் கணவாயைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்கள். பெண்கள் கடக்க முடியும் என்றால் குடும்பங்களும் கடக்கலாம் என்ற நம்பிக்கை அவர்களிடமிருந்து பிறந்தது.

அவர்களையும் நார்சிஸாவின் கணவரான மருத்துவர் மார்கஸ் விட்மனையும் அனுப்பியது பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் மிஷன் சபை. 1816 முதல் யாழ்ப்பாணத்திலும் 1834 முதல் மதுரையிலும் வேலை செய்த அதே சபை. வட்டுக்கோட்டை செமினரியை நிறுவியவர்களும், மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு வித்திட்டவர்களும் அந்த ஒரே அலுவலகத்திலிருந்து சம்பளம் வாங்கினார்கள். 1847-இல் அச்சபை சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற இளம் மருத்துவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அவர் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அதே 1847 நவம்பரில் அன்றைய ஆரிகன் பிரதேசத்தில் அந்தச் சபையின் மற்றொரு மருத்துவரான விட்மனும் நார்சிஸாவும் கொல்லப்பட்டார்கள். வண்டிகளோடு வந்த தட்டம்மை கயூஸ் இனத்தாரில் ஏறத்தாழப் பாதிப்பேரைச் சாய்த்திருந்தது. விட்மன் வைத்தியம் பார்த்த வெள்ளைப் பிள்ளைகள் பிழைத்தார்கள், கயூஸ் பிள்ளைகள் இறந்தார்கள். விஷம் வைக்கிறார் என்று நம்பிவிட்டார்கள். கிறீனுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக்குக் குடியேறிகளின் வண்டிகள் வரவில்லை. விட்மனுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தன. 1843-இல் அவற்றுக்கு வழிகாட்டியவர்களில் அவரும் ஒருவர். கயூஸ்கள் வைத்தியரைப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளையும் சேர்த்தே பார்த்தார்கள். 1850 ஜூன் 3 அன்று ஆரிகன் சிட்டியில் கயூஸ் ஆண்கள் ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த செப்டம்பரிலேயே, நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் உறுதியாகாத நிலையில், ஆரிகனில் கல்யாணமான குடியேறித் தம்பதிக்கு 640 ஏக்கர் தரும் சட்டம் வந்தது.

ஐடஹோவை வேகமாகக் கடந்து ஆரிகனின் பெண்டில்டன் ஊருக்கு வெளியே போய் நின்றேன். கயூஸ், உமட்டில்லா, வாலா வாலா மக்கள் தாங்களே நடத்தும் டமாஸ்ட்ஸ்லிக்ட் மியூசியம் அங்கே இருக்கிறது. ஆரிகன் பாதையின் கதையை வண்டிக்குள்ளிருந்து அல்ல, வண்டிகள் வருவதைக் கரையில் நின்று பார்த்தவர்களின் வாயிலாகச் சொல்லும் இடம். 1855-இல் இந்த மூன்று இனத்தாரும் 64 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் அவர்களுடைய பெரியவர்கள் விடாப்பிடியாக எழுதி வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிகளின் வயலுக்காக அரசு கட்டிய பாசன அணைகள் உமட்டில்லா ஆற்றைக் கோடையில் வறளடித்தன. சால்மன் எழுபது வருஷம் வரவில்லை. ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பழங்குடி அரசு நீதிமன்றம் போயிருக்கலாம். அதைவிடுத்து, நீரை நம்பி வாழும் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியது. 1988-இல் ஒரு சட்டம் நிறைவேறியது: விவசாயிகள் உமட்டில்லாவில் எடுக்காமல் விடும் தண்ணீருக்கு ஈடாகப் பெரிய கொலம்பியா ஆற்றிலிருந்து பம்பு வைத்து அவர்களுக்குத் தர வேண்டும். குடியேறிகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பாசனம் நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, வசந்தகாலத்தில் சினூக் சால்மன் ஏறி வருகிறது, இரு தரப்பாரும் தூண்டில் போடுகிறார்கள்.